மூன்று பல் போன கொண்டை

எங்கள் சேவலின் கொண்டையில் முதலில் ஆறு பற்கள் இருந்தன. இப்போது மூன்றுதான். பின்பக்கத்து மூன்றும் நுனி கறுத்து, காய்ந்து, சில வாரங்கள் கழித்து உதிர்ந்துபோயின. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "சண்டையா?" என்பார்கள். "நாய் கீய் கடிச்சிருச்சா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆமாம் என்று தலையாட்டிவிடுவது சுலபம். சண்டையும் நடக்கவில்லை, எந்த நாயும் வரவில்லை. தண்ணீர் உறையும் இந்த ஊர்க் குளிர்மேல் பழியைப் போடலாம்தான், ஆனால் அதற்கும் மனசு வரவில்லை. கூட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறேன் என்று நான் பட்ட பாட்டில் போனவை அந்த மூன்றும். மூன்று குளிர்காலம் கடந்துவிட்டது. இன்னமும் தண்ணீர் வைக்கக் குனியும்போது அந்தப் பாதிக் கொண்டை கண்ணில் பட்டு உறுத்துகிறது. எழுதிவிட்டாலாவது கொஞ்சம் அடங்குகிறதா பார்க்கலாம்.

ஒருநாள் வயதுக் குஞ்சுகளாகத்தான் வாங்கி வந்தோம். அட்டைப்பெட்டி, அடியில் மரச்சீவல், மேலே தொங்கும் விளக்கு. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. அங்கங்கே கால் நீட்டிச் செத்ததுபோல் கிடந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். (செத்ததுபோல் கிடப்பதுதான் சரி என்று நம்ப எனக்கு நாலு நாள் ஆனது.) ஆறு வாரத்தில் பஞ்சு போய் இறகு மூடிவிடும். அதன்பின் விளக்குக்கு வேலை கிடையாது. கழற்றிப் பரணில் வைத்தேன். அப்போதே யாருக்காவது கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

முதல் குளிர்காலம் தொடங்கியபோது அப்பா ஊரிலிருந்து போனில் கேட்டார்: "நைட்டு ஒரு குண்டு பல்பு போட்டு விடுறியாம்மா? இல்லேன்னா வெறைச்சிரும்."

"குஞ்சு இல்லப்பா, பெருசாயிருச்சு. ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ இருக்கும்."

"ரெண்டு கிலோன்னா குளிராதா? நீ அறுபது கிலோ இருக்கே. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தானே பேசிட்டிருக்கே?"

போட்டுக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பரணில் ஏறி விளக்கை எடுத்தேன்.

சிவப்பு விளக்கு, 250 வாட். கூட்டின் விட்டத்தில் கிளிப் போட்டு மாட்டினேன். இரவில் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டத்து இருட்டில் கூடு மட்டும் கங்குபோல் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தால் நல்ல தூக்கம் வரும். எனக்குத்தான், கோழிகளைக் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க முட்டையும் நிற்கவில்லை. விளக்கின் சூட்டால்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். முதல் வருடப் பெட்டைகள் பெரும்பாலும் குளிர்காலத்திலும் முட்டையை நிறுத்துவதில்லை என்பதும், அதன்பிறகு நிறுத்துவதற்குக் குளிரைவிடப் பகல் சுருங்குவதுதான் முக்கியக் காரணம் என்பதும், ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் கிடைத்தால்தான் முட்டை தொடர்ந்து வரும் என்பதும் அப்போது தெரியாது. தப்பாகச் செய்த ஒரு வேலைக்கு நல்ல மார்க் கிடைத்துவிட்டது. அடுத்த வருடமும் அதையே செய்தேன்.

இரண்டாம் குளிர்காலத்தின் முதல் வாரத்தில் அந்தக் கிளிப் நழுவியது. எப்போது நழுவியது என்று தெரியாது. காலையில் கதவைத் திறந்தால் சிவப்பு வெளிச்சம் மேலிருந்து வராமல் தரையிலிருந்து வந்தது. விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் கம்பிக்கூடு ஒரு செங்கல்லில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. கண்ணாடிக்கும் மரச்சீவலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கலாம். அதற்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம்: ஓரம் பழுப்பு, உள்ளே காப்பிக்கொட்டை நிறம், நட்டநடுவில் கருப்பு. விரலால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. அந்தச் செங்கல், தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முட்டுக்கொடுக்க என்றோ வைத்தது; அது அங்கே இருந்ததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. ஒன்பது பெட்டைகளும் சேவலும் எதிர்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. கோழிக்கூட்டில் இறகுத்தூசி எப்போதும் பறந்துகொண்டே இருக்கும். தரையெல்லாம் காய்ந்த சீவல். இறக்கை உள்ள பத்துப் பேர் இருட்டில் மோதிக்கொள்ளும் இடம். அதற்குள் தொட்டால் பொசுக்குகிற ஒரு பொருளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வருடம் முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அன்றோடு விளக்கு போயிற்று. ஆனால் "கூடு கதகதப்பாக இருக்க வேண்டும்" என்ற நினைப்பு போகவில்லை. சூட்டை உண்டாக்க முடியாதென்றால், இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்போம் என்று கிளம்பினேன்.

உள்ளே பெய்த மழை

இரண்டு நாள் வேலை. ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட். பலகைச் சந்துகளுக்கு டேப். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் கூட்டைக் கட்டியவர் விட்டிருந்த நீள இடைவெளி இரண்டையும் பார்த்து, இவ்வளவு பெரிய ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறாரே என்று அவரைத் திட்டிக்கொண்டே பழைய போர்வையைச் சுருட்டித் திணித்தேன். உள்சுவரில் தெர்மாகோல் ஒட்டினேன். அது ஒருநாள் தாங்கவில்லை. கோழிக்குத் தெர்மாகோல்மேல் அப்படி ஒரு மோகம். கொத்திக் கொத்தித் தின்கின்றன. மிச்சத்தைப் பிய்த்தெடுத்து வெளிப்பக்கம் ஒட்டி, மேலே பலகை அடித்தேன். கடைசியாக ஒரு டிஜிட்டல் மானியை வாங்கி உள்ளே மாட்டினேன். மேலே வெப்பநிலை, கீழே ஈரப்பதம் என்று இரண்டு எண் காட்டும்.

வெளியே மைனஸ் 6. உள்ளே 4. விளக்கே இல்லாமல் பத்து டிகிரி! எங்கிருந்து வருகிறது இந்தச் சூடு என்று தேடிப் படித்தேன். ஒரு கோழியின் உடம்பிலிருந்து ஏறத்தாழ 10 வாட் சூடு வெளியேறிக்கொண்டே இருக்குமாம். பத்துக்கு நூறு வாட். ஆக, அப்பா சொன்ன குண்டு பல்பு ஒன்று கூட்டுக்குள் இரவும் பகலும் தானாகவே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் செய்ததெல்லாம் அதன்மேல் மூடி போட்டதுதான். அப்படி நினைத்துப் பூரித்துப்போனேன். கீழே இருந்த எண் 92 என்று காட்டியதை ஒருநாளும் நான் பொருட்படுத்தவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, முந்தின இரவு குளிர் கடுமையாக இருந்தது. காலையில் நானும் மகனும் கதவைத் திறந்தோம். முதலில் வாடை. வாடை என்பதைவிட அடி என்று சொல்லலாம். கண்ணுக்குள் வெங்காயம் நறுக்கியதுபோல எரிந்தது. உள்ளே தலையை நீட்டியதும் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஒவ்வொரு ஆணி நுனியிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலின் உட்புறம் விரல் மொத்தத்துக்குப் பனிக்கட்டி. கோழிகளின் முதுகு இறகு புசுபுசுவென்று இல்லாமல், குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடிபோலப் பிரிபிரியாகப் படிந்திருந்தது. மகன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஒரு சொட்டு விழுந்ததும் சொன்னான்: "அம்மா, உள்ள மழை பெய்யுது."

சேவலைப் பிறகுதான் பார்த்தேன். ஒரு மூலையில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. கொண்டையின் பின்பற்கள் மூன்றும் நுனியில் வெளுத்து, மெழுகில் தோய்த்து எடுத்தமாதிரி இருந்தன. மத்தியானத்துக்குள் வீங்கின, இரண்டு நாளில் கறுத்தன. என்ன செய்வதென்று தெரியாமல் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளையாக வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துவிட்டார். உறைந்த சதையில் சூட்டைக் காட்டவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. கறுத்துப்போன நுனியை வெட்டவும் கூடாது. அடியில் இருக்கும் உயிருள்ள சதைக்கு அதுதான் மூடி. தானாகக் காய்ந்து விழும்வரை விட்டுவிட வேண்டும். அது விழும்வரை தினமும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குளிர்தான் காரணம் என்றால் முன்பு, இடைவெளி அடைபடாமல் இருந்த நாள்களில் ஏன் உறையவில்லை? நான் பத்து டிகிரி சூடு கூட்டிய பிறகு ஏன் உறைய வேண்டும்? இதுதான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாத கேள்வி. உட்கார்ந்து தண்ணீர்க் கணக்குப் போட்டேன். ஒரு கோழி ஒரு நாளைக்குக் குறைந்தது 200 மில்லி தண்ணீர் குடிக்கிறது. பத்துக்கு இரண்டு லிட்டர். ஒரு முட்டைக்குள் போவது 40, 45 மில்லி இருக்கும். மிச்சமெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்தாக வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, தனியாகச் சிறுநீர் கழிப்பதும் கிடையாது; எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். குளிர்கால இரவு நீளம், பகலிலும் பாதி நேரம் அவை வெளியே வருவதில்லை. ஆக, தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை நான் அந்த அடைத்த பெட்டிக்குள் தெளித்துக்கொண்டிருந்ததற்குச் சமம். நான் சேர்த்து வைத்த சூடு, தரையில் கிடந்த ஈரத்தையும் ஆவியாக்கி மேலே அனுப்பியது. அது குளிர்ந்த கூரையில் பட்டால் சொட்டு. குளிர்ந்த கொண்டையில் பட்டால்?

கொண்டைக்கு இறகு கிடையாது. கூட்டில் இருந்த பத்துப் பேரில் பெரிய கொண்டை சேவலுக்குத்தான். தாடைக்குக் கீழே தொங்குகிற சதையும் பெரிது. தண்ணீர் குடிக்கக் குனியும்போதெல்லாம் அது பாத்திரத்தில் நனையும். ஈரமான சதைதான் முதலில் உறைகிறது. குளிரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று சேவலை நான் நனைய வைத்திருக்கிறேன்.

போர்வையை உருவிய இரவு

மறுநாள் சாயங்காலம். அன்று இரவு மைனஸ் 8 வரை போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஏணியை வைத்து ஏறி, கூரையடியில் திணித்த போர்வையைப் பிடித்தேன். ஈரத்தில் ஊறி, வெளிப்பக்கம் கட்டை மாதிரி உறைந்திருந்தது. இழுத்தால் வரவில்லை. இழுக்க எனக்கு மனசும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்திக்குக் கணக்கு புரிந்துவிட்டது. ஆனால் கையுறைக்குள் விரல் மரத்துப்போய் நிற்கிறவளுக்கு, இந்தக் காற்றுக்கு வழி திறந்துவிடு என்று சொன்னால் கை எப்படி ஒத்துக்கொள்ளும்? கீழே அவை கட்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஒன்று என்னைப் பார்த்து இழுத்து முனகியது, தூக்கத்தில் எழுப்பினால் முனகுவதுபோல. ஒரு இழுப்பு இழுத்தேன். பாதி கிழிந்து வந்தது. சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. மறுபக்கமும் போய் மிச்சத்தையும் உருவினேன். உருவிய பிறகு அந்த இடைவெளியை வெளிச்சம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அது கோழிகள் உட்காரும் கட்டைக்கு இரண்டடி மேலே இருந்தது. காற்று அவற்றின் தலைக்கு மேலாகப் போகுமே தவிர தலைமேல் படாது. கூட்டைக் கட்டியவருக்கு மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கட்டை மட்டத்தில் ஒரு மெல்லிய காகித நாடாவை ஆணியில் தொங்கவிட்டேன். அது ஆடாமல் நின்றது.

இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போனேன். மானியில் மைனஸ் 3. முந்தைய இரவுகளைவிட ஏழு டிகிரி குறைவு. கீழே இருந்த எண் 74. கூரையைத் தடவினேன்; பலகை பலகைபோலவே இருந்தது. வாடை அநேகமாக இல்லை. கோழிகளைப் பார்த்தால் பகலில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தன. கழுத்து எது, வால் எது என்று தெரியாத பத்து உருண்டைகள். ஓரத்தில் இருந்த கறுப்புப் பெட்டையின் இறக்கைக்கு அடியில் மெல்லக் கையை விட்டேன். கையுறையைக் கழற்றியிருந்தேன்.

சூடு என்றால் அப்படி ஒரு சூடு. கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி. நமக்கு அந்த அளவுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வெளியிறகில் விரல் வைத்தால் கூட்டின் குளிர். ஒரு அங்குலம் உள்ளே போனால் அடுப்படி. அந்த ஓர் அங்குலத்துக்குள் இருப்பது காற்றுதான். அடியில் இருக்கும் மென்பஞ்சை அவை சிலிர்த்து விரிக்கும்போது காற்று அதில் சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. இறகு நனைந்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டு அந்தக் காற்று போய்விடும்; அதனால்தான் கோழிக்குக் குளிரைவிட ஈரம் மோசம். கட்டையின் மேல் வயிறு படிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் துழாவினேன். கால்விரல்கள், நுனி தவிர, வயிற்றிறகுக்குள் புதைந்திருந்தன. காலுக்குள் இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் ஓடி, இறங்குவது ஏறுவதற்குச் சூட்டைக் கைமாற்றிவிடுகிறது என்பதைப் பிறகு படித்தேன். பகலில் உறைந்த தரையில் ஒற்றைக் காலில் நிற்பதும் அந்தச் சிக்கனத்தில் சேர்ந்ததுதான். அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான்: அவையும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இருந்தன. கழற்றினால்தானே நாம் போட்டுவிட.

அந்த ஸ்வெட்டர் விஷயத்திலும் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். முதல் வருடம் பழைய காலுறையை வெட்டி ஒரு பெட்டைக்குச் சட்டை தைத்துப் போட்டுவிட்டேன். அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, நான் கழற்றும்வரை செத்ததாகவே நடித்தது. மேலே துணி இறுக்கினால் இறகைச் சிலிர்க்க முடியாது. நனைந்தால் ஈரத்துணி உடம்போடு கிடக்கும். பெட்டைக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

உட்காரும் கட்டையை மட்டும் மாற்றினேன். முன்பு இருந்தது உருண்டையான இரும்புக் குழாய். விரல் வளைத்துப் பிடிக்கத்தான் வசதி; நுனிகள் இறகுக்கு வெளியே நிற்கும், இரும்பும் பாதத்தின் சூட்டை உறிஞ்சும். நாலங்குல அகலமுள்ள மரச்சட்டத்தைத் தட்டையாகப் போட்டேன். செய்ததிலேயே சின்ன வேலை அதுதான், பலன் பெரிது.

கொண்டையைச் சின்னதாக்கிய துறவி

என்னை மாதிரி யோசித்தவர்களும், என்னைவிட நன்றாக யோசித்தவர்களும் முன்பே இருந்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரின்ஸ் வுட்ஸ் என்ற மருத்துவர் கோழிக்கூட்டின் முன்பக்கச் சுவரையே எடுத்துவிட்டு வெறும் கம்பிவலை போட வேண்டும் என்று வாதாடினார். குளிர் தாக்கும் ஊர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நீளமான கூடு, தெற்கு பார்த்த திறந்த முகம், மற்ற மூன்று பக்கமும் காற்று நுழையாத சுவர், பறவைகள் தூங்குவது பின்கோடியில். உள்ளே நிற்கும் காற்று ஒரு மெத்தைபோல இருந்து வெளிக்காற்றை ஆழம்வரை வரவிடாது. 1924இல் புத்தகமாகவும் எழுதினார். படத்தைப் பார்த்தபோது, நான் டேப் வாங்கிச் செலவழித்த காசு கண்முன் வந்து போனது.

இன்னொருவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஓக்கா என்ற இடத்தில் இருந்த கிறிஸ்தவ மடத்துத் துறவி, வில்ஃப்ரிட் ஷாட்லென். அந்தக் குளிருக்கு ஏற்ற கோழி வேண்டும் என்று பல இனங்களைக் கலந்து கலந்து ஒரு புது இனத்தை உருவாக்கினார். 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதை அங்கீகரித்தது. ஷான்டிக்ளேர் என்று பெயர். பார்த்தால் தலை மொட்டையாகத் தெரியும்: கொண்டை தலையோடு ஒட்டிய சின்ன மெத்தைபோல இருக்கும், தாடைச் சதை இருப்பதே தெரியாது. எனக்கு இந்தத் துறவிமேல் தனி மரியாதை. கோழியின் உடம்பில் இறகு எங்கெல்லாம் மூடியிருக்கிறதோ அங்கெல்லாம் பிரச்சினையே இல்லை என்று கண்டுகொண்டு, தலையில் மூடாத இடத்தைச் சுருக்கிவிட்டார். கூட்டை விட்டுவிட்டுக் கோழியையே மாற்றியவர்.

நம் கோழியின் மூதாதை, தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. வெப்பக்காட்டுப் பறவை. பெரிய சிவந்த கொண்டை அந்த வெப்பத்தை வெளியேற்றப் பயன்பட்டது. அதை வைத்துக்கொண்டு குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்டது. இதை நினைத்தால் சேவல்மேல் கூடுதலாகக் கொஞ்சம் பாசம் வருகிறது. நானும் அப்படி வந்து மாட்டிக்கொண்டவள்தானே.

கணக்குக்குள் வராத ஒருத்தி

இப்படிச் சொல்வதால் குளிர் ஒன்றும் செய்யாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே குளிர்காலத்தில் எங்கள் சாம்பல் பெட்டை மிகத் தாமதமாக இறகு உதிர்த்தது. இரண்டாம் வருடத்திலிருந்து இலையுதிர் காலத்தில் பழைய இறகு விழுந்து புதிது முளைக்கும். மற்றதெல்லாம் குளிருக்கு முன்பே முடித்துவிட்டன. இது மட்டும் உறைபனி விழத் தொடங்கியபின் ஒரே வாரத்தில் கழுத்து, முதுகு, வால் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, முள்முள்ளாகக் குருத்து நீட்டிக்கொண்டு நின்றது. இதற்கு நான் இவ்வளவு நேரம் சொன்ன எந்தத் தர்மமும் பொருந்தாது. ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டவள்.

வீட்டுக்குள் கொண்டுவந்தேன். குளியலறையில் ஒரு பெட்டி. இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுச் சூட்டில் இரண்டு வாரம் வைத்துவிட்டால் பிறகு எப்படி வெளியே விடுவது? உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கூட்டத்தில் அதன் இடம் பறிபோகும். திரும்பிப் போனால் கொத்து வாங்கும். குருத்திறகில் ரத்தம் ஓடும். கொத்து பட்டால் வலியும் ரத்தமும்தான். மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் நேரத்தில் திருப்பி விட்டேன். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் தீவனத்தில் புரதத்தைக் கூட்டினேன். ராத்திரி போய்ப் பார்த்தால், கட்டையில் இரண்டு பெரிய பெட்டைகளுக்கு நடுவே சொருகிக்கொண்டு, இரு பக்கமும் அடுத்தவர் இறக்கையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியது. ஐந்தாறு வாரத்தில் இறகு மூடியது. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிழைத்துக்கொண்டதால் சரி என்று ஆகிவிடாது. முதல் வருடம் முட்டை வந்ததால் விளக்கு சரி என்று ஆகிவிட்டதே, அந்தமாதிரி.

மற்றதெல்லாம் சாதாரண வேலைகள். தரையில் மரச்சீவலை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து, குளிர்காலம் முழுக்க அள்ளாமல், காய்ந்த சீவலை மேலே மேலே போட்டு வருகிறேன். சாயங்காலம் ஒரு கைப்பிடி தானியத்தை அதில் வீசினால் கோழிகளே கிளறிவிடும். அடியில் மெல்ல மட்கி வசந்தத்தில் தோட்டத்துக்கு உரமாகிறது. கையில் பிடித்துப் பிழிந்தால் உதிர வேண்டும். கட்டிபட்டால் ஈரம் கூடிவிட்டது. வாடையைச் சோதிக்க நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினால் போதாது. அம்மோனியா தரையிலிருந்துதான் கிளம்புகிறது. கோழியின் மூக்கு இருப்பதோ ஒரு அடி உயரத்தில். மண்டியிட்டு உட்கார்ந்து மோந்து பார்க்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்தால் பூஜை என்று நினைத்துக்கொள்ளட்டும். தூங்கப்போகுமுன் கொஞ்சம் முழுச்சோளம் போடுவேன். தீனிப்பை நிறைந்திருந்தால் விடியும்வரை செரித்துக்கொண்டே இருக்கும். மின்சாரத்துக்கு நான் இப்போது கொடுக்கும் ஒரே வேலை, தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்னத் தட்டு. வாய் குறுகிய பாத்திரமாக வைத்திருக்கிறேன். சேவலின் தாடி நனைவதில்லை.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் ஒருமுறை மின்சாரம் போய் ஒன்பது மணி நேரம் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில், இருந்த கம்பளி அத்தனையையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழிகளாக இருந்திருந்தால் அந்த இரவு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எழுந்து போனேன். கூட்டில் எந்த மாற்றமும் இல்லை. கறுப்புப் பெட்டை வழக்கம்போல முனகியது.

இந்த வருடம் முதல் உறைபனி போன வாரம் விழுந்தது. தெரிந்தும் புரிந்தும், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கூரையடியில் இரண்டு இடைவெளியும் திறந்திருந்தன. காகித நாடா ஆடவில்லை. சேவல் ஒரு கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அப்போது பையில் போன் அடித்தது. அப்பாவுக்கு அங்கே என்ன நேரம், இங்கே என்ன நேரம் என்பதெல்லாம் கணக்கே இல்லை.

"டிவியில உங்க பக்கம் குளிருன்னு காட்டுறான். கோழிக்கு பல்பு போட்டியாம்மா?"

"போட்டாச்சுப்பா."

"எத்தனை வாட்டு?"

டார்ச்சைக் கட்டைமேல் ஒரு ஓரத்திலிருந்து நகர்த்தி எண்ணினேன். பத்தும் இருந்தன.

"நூறு வாட்டுப்பா."

"ம். அது போதும்," என்றார்.